பின் சீட்டுக்கு அடியில் ஒரு சப்மெர்சிபிள்: காரின் பெட்ரோல் பம்பை வீட்டிலேயே மாற்றும் முறை

நம் கொங்குப் பக்கத்தில் போர்வெல் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பல நூறு அடி ஆழத்தில் சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீரில் மூழ்கியபடியே ஓடுகிறது. சுற்றியிருக்கும் தண்ணீர்தான் அதைச் சூடேறாமல் காப்பாற்றுகிறது. தண்ணீர் இறங்கிப் போனது தெரியாமல் ஓடவிட்டால் காயில் கருகிவிடும். இது இங்கே எல்லோருக்கும் தெரியும், பலர் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டதும்கூட.

பெட்ரோல் காரின் டேங்க்கில் இருக்கும் ஃபியூல் பம்பும் அதே கதைதான். அது ஒரு சின்ன 12 வோல்ட் மோட்டார். பெட்ரோலுக்குள் மூழ்கியே இருக்கும். பெட்ரோலைத் தள்ளுவதும் அதுதான், பெட்ரோலால் குளிர்வதும் அதுதான். எப்போதும் ரிசர்வ் விளக்கு எரியும்வரை ஓட்டி, 300 ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போடும் வண்டிகளில் பம்ப் சீக்கிரம் போவதற்கு இதுவே காரணம். கால் டேங்க்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பம்ப் போய்விட்டது, நாமே மாற்றலாமா? மாற்றலாம். கை வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தில் அவசரமே கூடாது. பழுது பம்பில்தான் என்று உறுதி செய்வது ஒன்று. பெட்ரோல் ஆவிக்கு மரியாதை கொடுப்பது இன்னொன்று.

எந்த வண்டியில் கை வைக்கக் கூடாது

இந்தக் கட்டுரை சாதாரண எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார்களுக்கானது, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டிகளுக்கானது. அதிலும் பின் சீட்டைத் தூக்கினால் கீழே ஒரு தகட்டு மூடி இருக்கும் வண்டிகளுக்கானது. அந்த மூடியைக் கழற்றினால் பம்பின் தலை தெரியும். சில மாடல்களில் இந்த வசதி இல்லை. டேங்க்கையே கீழே இறக்க வேண்டும். வீட்டு வாசலில் ஜாக்கியை நம்பி, வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் டேங்க்கை நெஞ்சுக்கு மேல் இறக்குவது புதியவர் செய்யும் வேலையே இல்லை. அதை ஒர்க்‌ஷாப்புக்கு விட்டுவிடுங்கள்.

டீசல் வண்டி, எஞ்சினில் தனியாக ஹை பிரஷர் பம்ப் உள்ள டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி இரண்டையும் விட்டுவிடுங்கள். பழைய கார்புரேட்டர் மாருதி 800-இல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கும், மின்சாரமே கிடையாது. அது வேறு வேலை. சிஎன்ஜி, எல்பிஜி பொருத்திய கார்களில் டேங்க் பம்ப் உண்டு, ஆனால் கேஸ் லைனும் கூடவே ஓடுகிறது. தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

பம்புதானா? முதலில் அதைப் பாருங்கள்

பம்ப் தளரும்போது சில அடையாளங்கள் காட்டும். காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் பிடிக்கும். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி, மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது திணறும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறவர்களும், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 வளைவு ஏறுகிறவர்களும் இதை முதலில் உணர்வார்கள். எஞ்சின் நிறைய பெட்ரோல் கேட்கும் நேரத்தில்தான் பம்பின் பலவீனம் வெளியே வரும். வெயிலில் ஓடி நின்ற வண்டி உடனே ஸ்டார்ட் ஆகாமல், அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவதும் ஓர் அடையாளம்.

ஆனால் இதே அடையாளங்களை அடைத்த ஃபில்டரும் காட்டும், கிராங்க் சென்சாரும் காட்டும், பழைய ஸ்பார்க் பிளக்கும் காட்டும். அதனால் வரிசையாகப் பாருங்கள்.

முதலில் காது. ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டு விநாடிக்கு 'உய்ய்ங்' என்று ஒரு மெல்லிய சத்தம் வந்து நிற்கும். அந்தச் சத்தம் வந்தால் பம்புக்குக் கரண்டு போகிறது, மோட்டார் சுற்றுகிறது. ஆனால் போதுமான அழுத்தம் வருகிறதா என்பதைச் சத்தம் சொல்லாது. இந்த வகைக் கார்களில் பொதுவாக 3 முதல் 4 பார் அழுத்தம் இருக்க வேண்டும். உங்கள் மாடலின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சத்தம் வந்தும் வண்டி திணறினால் பிரஷர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு மெக்கானிக்கிடம் கொடுப்பது, குத்துமதிப்பாக பம்ப் வாங்குவதைவிட மலிவு.

சத்தமே வரவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டி. மூடியின் உள்பக்கத்தில் எது பம்ப் ஃபியூஸ், எது ரிலே என்று படம் போட்டிருக்கும். ஃபியூஸை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ரிலேயை, அதே எண் போட்ட ஹாரன் ரிலேயோடு இடம் மாற்றிப் பாருங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதா? ஒரு ரிலேயோடு செலவு முடிந்தது. சில மாடல்களில் விபத்து நேர்ந்தால் பம்பை நிறுத்தும் ஓர் இனர்ஷியா சுவிட்சும் உண்டு. பெரிய குழியில் இறங்கினாலும் அது தட்டிவிடலாம். பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.

அடுத்து ஒயர். என் மச்சான் கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கிறார். அவர் கார் ஒரு நாள் சந்தைக்குப் போன இடத்தில் நின்றுவிட்டது. பம்ப் போய்விட்டது என்று ஒரு கடையில் சொல்ல, பம்ப் மோட்டாரும் அதன் குடுவையும் சேர்ந்த புது அசெம்பிளி வாங்கி மாட்டியும் விட்டார்கள். ஒரு வாரம் ஓடியது, மறுபடி நின்றது. நான் போய் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். சாவியை ஆன் செய்தால் 12 வோல்ட் காட்டியது. புது பம்பும் போய்விட்டதோ என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருவில் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் பெரியவர் வந்து எட்டிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, மீட்டரு கரண்டக் குடிக்காதுங்க. லோடு குடுத்துப் பாத்தீங்களா?”

ஓர் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரை ஒட்டி, பம்பின் கனெக்டரில் வைக்கச் சொன்னார். 21 வாட் பல்பு, பளிச்சென்று எரிய வேண்டியது. மங்கலாக, அணையப்போகும் கரிக்கங்கு மாதிரி ஒரு சிவப்பு மட்டும் தெரிந்தது. எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து போனால், சீட்டுக்கு அடியில் பாடியோடு சேரும் போல்ட்டில் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. வண்டிக்குள் தண்ணீர் இறங்கி, தரை விரிப்புக்கு அடியில் ஈரம் நின்றதால் வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கொஞ்சம் கிரீஸ் தடவினோம். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. கழற்றிப் போட்ட பழைய பம்பும் நல்ல பம்ப்தான்.

அந்தப் பல்பு சோதனையை நீங்களும் செய்யுங்கள், டேங்க்கைத் திறப்பதற்கு முன்னாலேயே, பெட்ரோல் வாசனை துளியும் இல்லாதபோது மட்டும். பல்பு நன்றாக எரிகிறது, பம்ப் மட்டும் சுற்றவில்லை என்றால் குற்றவாளி பம்ப்தான். இன்னும் ஒரு சோதனை: ஒருவர் சாவியை ஆன் செய்யும்போது, இன்னொருவர் டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாக இரண்டு தட்டு தட்டட்டும். தூங்கின பம்ப் விழித்துக்கொண்டு ஓடினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வீடு வந்து சேர அது உதவும். நாளைக்கும் உதவும் என்று நம்பக் கூடாது.

என்ன வாங்குவது

முழு அசெம்பிளியாகவும் கிடைக்கும், உள்ளே இருக்கும் மோட்டார் மட்டும் தனியாகவும் கிடைக்கும். மோட்டார் மட்டும் வாங்கினால் விலை நன்றாகக் குறையும், வேலை கொஞ்சம் கூடும். முதல் முறை செய்கிறவர், கையில் காசு இருந்தால் முழு அசெம்பிளியே வாங்குங்கள். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையான ஃப்ளோட், வலை ஃபில்டர் எல்லாம் புதிதாக வந்துவிடும். கடைக்குப் போகும்போது ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் எண்ணைக் கொண்டுபோங்கள். ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் பம்ப் மாறியிருக்கும்.

எதை வாங்கினாலும் டேங்க் வாய்க்குப் புது ஓரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கட்டாயம். பழைய ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். வெளியே எடுத்தால் திரும்ப அதன் பள்ளத்தில் உட்காராது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023-க்கு முந்தைய வண்டி என்றால், ஓரிங்கும் உள்ளே போடும் குழாயும் எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். குழாய் விஷயத்தில் இன்னொன்று: எஞ்சின் பக்கம் போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். டேங்க்குக்குள் மூழ்கிக் கிடந்தால் வெளிப்பக்கம் கரைய ஆரம்பித்துவிடும். மூழ்கும் இடத்துக்கென்று தனி ஹோஸ் உண்டு, ஜே30ஆர்10 என்று அச்சிட்டிருக்கும்.

வேலை செய்யும் இடம்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து, வாசல் படி இறங்கி, பத்தடி தள்ளி எரியும் விளக்கைத் தேடிப் போகும். அதனால் மூடிய ஷெட்டில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். வெட்டவெளியில், வேப்பமர நிழலில், காலை நேரத்தில் செய்யுங்கள். சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் ஆவி அதிகம் கிளம்பும். ஆடிக் காற்று ஆவியைக் கலைத்துவிடும்தான், ஆனால் புழுதியை அள்ளி டேங்க்குக்குள் போட்டுவிடும். காற்று குறைந்த நாளாகப் பாருங்கள்.

பக்கத்தில் தறிக்கூடம் ஓடுகிறதா, மோட்டார் ரூம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டர் விழும்போது பொறி பறக்கும். கிரைண்டர், ஏர் கம்ப்ரஸர் எதுவும் அருகில் ஓடக் கூடாது. சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி இவற்றையும் கவனியுங்கள். திண்ணையில் தாத்தா பீடியோடு உட்கார்ந்திருந்தால் முன்கூட்டியே சொல்லி உள்ளே அனுப்பிவிடுங்கள். குழந்தைகளையும்தான்.

ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று, ஒரு வாளி மணல், இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து பரவும். பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் உரசினால் நிலை மின்சாரம் சேரும். டேங்க்கைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிடுங்கள். செல்போனை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். படம் எடுப்பதெல்லாம் டேங்க் திறப்பதற்கு முன். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும், முன்னாலேயே எரியவிட்டுக் கொண்டுவாருங்கள். ஒயர் போட்ட குண்டு பல்பு கூடவே கூடாது. கீழே விழுந்து உடைந்தால் அந்த ஒரு நொடி போதும்.

டேங்க்கில் கால் பாகத்துக்குக் குறைவாக இருக்கும் நாளில் ஆரம்பியுங்கள். குழாயில் வாய் வைத்து உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். நுரையீரலில் போனால் உயிருக்கே ஆபத்து.

கழற்றுவது

லைனில் நிற்கும் அழுத்தத்தை முதலில் இறக்க வேண்டும். பம்ப் கொஞ்சமாவது ஓடுகிற வண்டி என்றால், ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, பம்ப் ஃபியூஸைப் பிடுங்குங்கள். லைனில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும். அப்புறம் இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடியுங்கள். பம்ப் செத்தே போன வண்டியிலும் ஃபியூஸை எடுத்துவிட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள், கொஞ்சம் மிச்சம் இருக்கும். பிறகு சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். பெட்ரோல் மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள், டேங்க்கில் அடைந்த காற்று போய்விடும். எல்லாக் கதவையும் திறந்து வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

பின் சீட்டின் உட்காரும் பாகம் முன்விளிம்பில் கிளிப்பிலோ போல்ட்டிலோ நிற்கும். எடுத்தால் தகட்டு மூடி. ஸ்க்ரூ போட்டிருக்கும், அல்லது கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். தட்டையான ஸ்க்ரூ டிரைவரை விளிம்பில் நுழைத்துப் பொறுமையாகக் கிளப்புங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மூடிக்குக் கீழே பம்பின் தலையைச் சுற்றி நம் ஊர்ச் செம்மண் புழுதி விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். மூடும் வளையத்தின் பல் இடுக்கிலெல்லாம் கெட்டியாக அப்பியிருக்கும். இதோடு வளையத்தைத் திருப்பினால் அவ்வளவும் டேங்க்குக்குள் கொட்டும். புது பம்ப் முதல் நாளே அந்த மண்ணை இழுக்கும். பழைய பெயின்ட் பிரஷால் கிளறிக் கூட்டி, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். மறுபடி கூட்டுங்கள். நான் இதற்கு மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். துடைக்க எல்லோர் கையிலும் திருப்பூர் பனியன் வேஸ்ட் இருக்கும். வெளியே துடைக்க அது நல்லதுதான். டேங்க் திறந்த பிறகு மட்டும் அதை உள்ளே கொண்டுபோகாதீர்கள். நூல் பிரிந்து விழுந்து வலையில் சுற்றிக்கொள்ளும்.

இப்போது படம் எடுத்துக்கொண்டு, போனைத் திரும்ப உள்ளே அனுப்பிவிடுங்கள். பம்பின் தலைக்கும் டேங்க்குக்கும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட்டில் இழுங்கள். எந்தக் குழாய் எங்கே என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

ஒயர் கனெக்டரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயின் பிளாஸ்டிக் கிளிப்பை இரு பக்கமும் அழுத்தி, முதலில் உள்ளே லேசாகத் தள்ளி, அப்புறம் வெளியே இழுங்கள். வெயிலில் காய்ந்த பழைய கிளிப் முறுக்கினால் உடையும். மேலே துணி போட்டு மூடிக்கொண்டு இழுத்தால் மிச்சப் பெட்ரோல் முகத்தில் தெறிக்காது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மேல் வளையம் சில வண்டிகளில் பெரிய பிளாஸ்டிக் மூடி மாதிரி திருகு வைத்து இருக்கும், சிலவற்றில் இரும்பு வளையம், சிலவற்றில் சுற்றிலும் எட்டாம் நம்பர் போல்ட். வளையமாக இருந்தால் மரக்கட்டையையோ பித்தளைக் கம்பியையோ பல்லில் வைத்து இடப்பக்கமாகத் தட்டுங்கள். இரும்பு உளி வைத்து அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பொறி பறக்கும் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள்.

பூட்டு விட்டதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அசெம்பிளியை மேலே தள்ளும். நேராகப் பிடுங்காமல், சாய்த்துச் சாய்த்து வெளியே எடுங்கள். பக்கத்தில் நீளமாகத் துருத்தும் கம்பிதான் ஃப்ளோட். அது வளைந்தால் பெட்ரோல் முள் இனிமேல் பொய்தான் சொல்லும். அசெம்பிளிக் குடுவைக்குள் அரை லிட்டர்போலப் பெட்ரோல் நிற்கும், சீட்டில் கொட்டாமல் ஒரு தட்டில் வாங்குங்கள். டேங்க் வாயை உடனே சுத்தமான தகட்டால் மூடுங்கள்.

மூடும் முன் டார்ச் அடித்து ஒருமுறை அடியைப் பாருங்கள். மண்ணோ துருவோ இருக்கிறதா? முத்து முத்தாகத் தண்ணீர் உருள்கிறதா? எத்தனால் தண்ணீரை இழுக்கும். நாள் கணக்கில் நின்ற வண்டியில் அது பிரிந்து அடியில் தங்கிவிடும். அப்படி இருந்தால் டேங்க்கைச் சுத்தம் செய்யாமல் புது பம்ப் போடுவது வீண்.

மாட்டுவது

மோட்டார் மட்டும் மாற்றுகிறவர்கள் பழைய குடுவையைத் திறக்கும்போது ஒயர் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் வரும், பெட்ரோல் வராது. வலை ஃபில்டரைப் புதிதாகவே போடுங்கள். ஹோஸ் கிளிப்பை இறுக்கியபின் இழுத்துப் பாருங்கள். உள்ளே கழன்றுகொண்டால் எல்லா வேலையும் முதலிலிருந்து. புது மோட்டாரை வெளியே பேட்டரியில் வைத்து ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். சுற்றிலும் ஆவி, கையில் பொறி.

ஓரிங்கை டேங்க் வாயின் பள்ளத்தில் உட்கார வைத்து, விரலில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் தடவுங்கள். கிரீஸும் சிலிக்கான் பசையும் வேண்டாம். அசெம்பிளியைச் சாய்த்து ஃப்ளோட்டை முதலில் இறக்கி, பெயின்ட் கோடுகளைச் சேர்த்து, ஸ்பிரிங்குக்கு எதிராக ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி மறு கையால் வளையத்தை முதல் திருகு பிடிக்க வையுங்கள். கோணலாகப் பிடித்தால் உடனே திரும்பக் கழற்றுங்கள். போல்ட் என்றால் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஓரிங் எங்காவது பிதுங்கித் தெரிகிறதா என்று சுற்றிலும் விரல் ஓட்டிப் பாருங்கள். குழாய்களை 'டக்' என்ற சத்தம் கேட்கும்வரை தள்ளி, பின்னால் இழுத்துச் சோதியுங்கள்.

சிந்திய பெட்ரோலைத் துடைத்து, துணிகளை வெட்டவெளியில் விரித்துக் காயப் போடுங்கள். தட்டில் மிஞ்சியதை மூடி போட்ட கேனில் ஊற்றி வையுங்கள்; சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். வாசனை முழுக்கப் போனபிறகு ஃபியூஸைப் போட்டு, பேட்டரியைக் கடைசியாக மாட்டுங்கள்.

உடனே செல்ஃப் அடிக்க வேண்டாம். சாவியை ஆன் செய்து, சத்தம் நின்றதும் ஆஃப் செய்யுங்கள். நான்கைந்து முறை இப்படிச் செய்தால் லைன் நிரம்பிவிடும். ஒவ்வொரு முறையும் ஒருவர் பம்பின் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒரு துளி கசிந்தாலும் நிறுத்துங்கள். கசிவு இல்லையா, ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விட்டு மறுபடி பாருங்கள். அதன்பிறகே தகட்டு மூடியும் சீட்டும்.

டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு மறுபடி ஒருமுறை தகட்டு மூடியைத் திறந்து பாருங்கள்; குறைவாக இருக்கும்போது தெரியாத கசிவு அப்போது தெரியும். இரண்டு நாள் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் ஓரிங் நசுங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ஓட்டாமல் சரி செய்யுங்கள்.

பம்ப் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு டேப்பில் எழுதி, தகட்டு மூடியின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை சீட்டைத் தூக்குகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.